கணினிக்கு ஆரஞ்சுப் பழம்

நிதி திரட்டும் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் செயலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "ஓய்வு பெறும் மூத்த உறுப்பினர்" என்று மைக்கில் அறிவித்தபோது நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்து ஜொகூர் பாருவுக்குக் குடிபோகிறேன். தினமும் எல்லைப் பாலத்தில் வரிசை பிடித்து நிற்கப் போகிறவளுக்குக் குளுவாங்கில் விருந்து நடத்த நேரம் இருக்காது. பொன்னாடையை மட்டும் திருப்பித் தர மாட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பொன்னாடை அது.

என் குணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரே காகிதம் எங்கள் நாயின் லைசன்ஸ். இப்போது அதன் பக்கத்தில் என் கணினித்துறைப் பட்டம் தொங்குகிறது. அதனால் நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஒருவர் நேற்று என்னிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டார். நம் பழங்கணினி அருங்காட்சியகத்தின் மாடிக் கதவில் இருக்கும் எண்பூட்டின் எண், பக்கத்து ஊரான பாலோவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறதாமே. பாதுகாப்புக்காக அதை மாற்றிவிடலாமா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் ஒரு சின்ன அனுபவம். நான் நடத்திய முதல் நிதி திரட்டு, கோயில் திருவிழாவில் போட்ட சாவிக்கொத்துக் கடை. செத்துப்போன விசைப்பலகைகளின் பொத்தான்களைப் பிடுங்கி, துளை போட்டு, வளையம் மாட்டினோம். அவரவர் பெயரின் முதலெழுத்தை வாங்கிக்கொள்ளலாம். யோசனை என்னுடையதுதான். எஸ், எம், கே எல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டன. மாலையில் மேசை நிறையக் கியூவும் எக்ஸும் கிடந்தன. கடையைக் கட்டுகிற நேரத்தில் புதிதாகக் கல்யாணமான ஒருவர் வந்தார். தன் பெயரெழுத்தைத் தேடாமல் "எஸ்கேப்" பொத்தானை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற மனைவி "டிலீட்" பொத்தானை எடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எவ்ளோ?" என்று கேட்டார்.

நாம் ஒன்றை நினைத்து ஒரு பொருளை மேசையில் வைக்கிறோம். வருகிறவர் அதில் என்ன கண்டெடுப்பார் என்பது நம் கையில் இல்லை. இதை நான் அன்றே எழுதி வைத்திருந்தால், பிறகு நடந்ததற்குக் கொஞ்சம் தயாராக இருந்திருப்பேன்.

அருங்காட்சியகம் அப்போது கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருந்தது. வருடக் கடைசியில் மழை பிடித்தால் ஆறு அந்த வரிசைக்குச் சொந்தக்காரர் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். மனிதர்கள் நாற்காலி மேல் ஏறிக்கொள்வார்கள். கணினிகளால் ஏற முடியாது. மாடி காலியாக இருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர், செடெனாக்கில் சிமெண்டு வியாபாரம் செய்யும் முதலாளி. செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம். மாடியைக் கேட்டு நானும் செயலாளரும் அவரைப் பார்க்கப் போனோம்.

"இந்தா பாரும்மா," என்றார் முதலாளி. "எங்க பக்கம் புதுக் கம்ப்யூட்டருக்கெல்லாம் மலை மாதிரி வீடு கட்டுறாங்க. டேட்டா சென்டர்ங்கிறாங்க. அதுக்கு சிமெண்டு போட்டுத்தான் நான் சாப்புடுறேன். அதனால பழசுக்கும் ஏதாச்சும் செய்யலாம்னு மனசுல இருக்கு. வாடகையே வேணாம். ஆனா அந்தத் தோட்டத்துக் கம்ப்யூட்டர்னு சொல்றீங்களே, அத நான் கண்ணால பாக்கணும். உங்க ஆளுங்களத் தவிர வேற யாராச்சும் அதப் பாக்க வர்றாங்களான்னும் பாக்கணும். யாரும் வராத எடத்துக்கு மாடி எதுக்கு? நான் அங்க சிமெண்டு மூட்டை அடுக்கிக்குவேன்."

நாங்கள் ஏற்பாடு செய்திருந்த நிதி விருந்து முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார்.

தோட்டத்துக் கணினி எது என்று உங்களுக்குத் தெரியும். லாபிஸ் பக்கத்தில் என் அப்பா செம்பனைக் குலை வெட்டிய தோட்டத்தின் ஆபீசில் இருந்த முதல் கணினி அது. பழுப்பேறிய பெட்டி, அதன் மேல் பச்சை எழுத்துத் திரை. அப்பா பல வருடம் அதைச் சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. உள்ளே போக அனுமதி இல்லை. அது நம்மிடம் வந்து சேர்ந்த அன்று அவரைக் கூட்டி வந்தேன். தொட்டுப் பாருங்கள் என்றேன். "இரு, கை கழுவிட்டு வரேன்," என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, ஒரே ஒரு விரலால் தொட்டார். "கரண்ட் அடிக்கலயே!" என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இனி விருந்துக்கு வருகிறேன். மாடிக்கு மின்கம்பி இழுக்கவும் அலமாரி வாங்கவும் ஒரு மதிய விருந்து வைத்தோம். வாழையிலைச் சாப்பாடு, பாட்டு, கடைசியில் அதிர்ஷ்டக் குலுக்கு. அதிர்ஷ்டக் குலுக்கு இல்லாத விருந்துக்கு நம்மூரில் யாரும் கடைசி வரை உட்கார மாட்டார்கள். பாயசம் குடித்த கையோடு கார் சாவியை எடுத்துவிடுவார்கள். முதல் பரிசு தட்டைத் திரைத் தொலைக்காட்சி. அது அட்டைப் பெட்டியோடு மேசைக்கு அடியில் இருந்தது. மேசை மேலே, எல்லாரும் பார்க்கட்டும் என்று, தோட்டத்துக் கணினியை நடுவில் வைத்திருந்தோம். ஒரு பக்கம் ரைஸ் குக்கர், மறுபக்கம் காற்றாடி. அலங்காரம் செய்த பிள்ளைகள் மூன்றுக்கும் சேர்த்துச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார்கள்.

மைக் செயலாளர் கையில் இருந்தது. அவர் பள்ளி ஆசிரியர்; மைக்கைப் பிடித்தால் அவருக்கு மற்றப் புலன்கள் வேலை செய்யாது. குலுக்கல் நடந்த நேரத்தில் நான் சமையலறையில் இருந்தேன். அப்பளம் தீர்ந்துபோய்ப் பின்வரிசையில் கலவரம். மேடையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "முதல் பரிசு... மாபெரும்... தொலைக்காட்சி!" என்று அவர் கையை நீட்டினார். நீட்டிய திசையில் திரையோடு இருந்த ஒரே பொருள் நம் கணினி. பாலோவிலிருந்து வந்த சரோஜா அக்கா மேடைக்கு ஓடி வந்து அதைக் கட்டிப்பிடித்தார். பள்ளிச் சிற்றுண்டிச் சாலை நடத்துகிறவர். "பொறந்ததுலேர்ந்து எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழுந்ததில்ல சார்!" என்று மைக்கிலேயே அழுதார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அக்காவின் கணவர் லோரி ஓட்டுநர். வாசலில் லோரியும் தயாராக இருந்தது.

நான் கடைசி அப்பளத்தைப் பரிமாறிவிட்டு வந்தபோது செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நல்லா முடிஞ்சிதும்மா. ஒரே ஒரு சந்தேகம்."

"என்ன சார்?"

"டிவி ஏன் இன்னும் பெட்டியிலயே இருக்கு?"

அன்று மாலையே அக்காவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "பரவால்ல தங்கச்சி, எனக்கு இதே போதும். புது டிவிய நீங்களே வெச்சுக்கங்க," என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

செயலாளர் கலங்கவில்லை. "கவலப்படாத. அதுல ஒரு சேனலும் வராது. ரெண்டு நாள்ல அவங்களே போன் பண்ணி டிவி கேப்பாங்க பாரு."

அக்கா போன் பண்ணவில்லை. நாங்கள் பண்ணினால் எடுக்கவும் இல்லை. வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். தொலைக்காட்சியைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலோவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வரும்போது கணினி இடத்தில் இல்லாவிட்டால் மாடியில் சிமெண்டு மூட்டை ஏறிவிடும். மழை வரும்போது மற்றக் கணினிகள் எல்லாம் கீழே நனையும். இதையெல்லாம் விட, அப்பாவிடம் என்ன சொல்வது? நீங்கள் ஒற்றை விரலால் தொட்ட பொருளை ரைஸ் குக்கர் பக்கத்தில் வைத்துத் தொலைத்துவிட்டேன் என்றா?

சரோஜா அக்கா வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. யாருக்கோ நிச்சயதார்த்தம் போல என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடத்தின் நடுவில் நம் கணினி இருந்தது. திரையின் நெற்றியில் மூன்று விபூதிக் கோடு, நடுவில் குங்குமம். கழுத்தில் (கணினிக்குக் கழுத்து எது என்று என்னைக் கேட்காதீர்கள், அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்) மல்லிகைச் சரம். தலையில் எலுமிச்சம்பழம்.

"வா தங்கச்சி, வா! வரிசையில நில்லு. காலையில வந்தவங்களே இன்னும் பாக்கல."

"எதப் பாக்கணுங்க்கா?"

"நம்பர்தான்!"

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோதி நொறுங்கிய காரைப் பார்த்தாலும் முதலில் எண் பலகையைப் படிப்பார்கள். கனவில் வந்த வீட்டு எண்ணைக்கூட விட மாட்டார்கள். அந்த நான்கு இலக்கத்தை லாட்டரி நம்பர் கடையில் எழுதிப் பணம் கட்டுவார்கள். பழைய கணினி வகைகளில் ஒரு வழக்கம் உண்டு. மின்சாரம் கொடுத்ததும் தன் உடம்பைத் தானே சோதித்துப் பார்க்கும்; எங்காவது கோளாறு இருந்தால் அதற்குரிய எண்ணைத் திரையில் காட்டும். வட்டுக்கு ஓர் எண், விசைப்பலகைக்கு ஓர் எண். நம் கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. லோரியில் குலுங்கிப் போனதில் அதற்கு நோவு கண்டுவிட்டது. பாலோவில் ஒவ்வொரு முறை தட்டும்போதும் பச்சை நிறத்தில் ஓர் எண்ணைக் காட்டியிருக்கிறது. அவர்களும் முதலில் விளையாட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள். புதன்கிழமைக் குலுக்கலில் அதில் ஒன்றுக்கு ஆறுதல் பரிசு விழுந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் பாலோவே செருப்பைக் கழற்றிவிட்டது.

என் கண் முன்னால் அக்காவின் கணவர் கைகூப்பிவிட்டுச் சுவிட்சைத் தட்டினார். கணினி இருமியது. திரை மெதுவாக வெளுத்து ஓர் எண் வந்தது.

"அலமாக், மூணு நம்பர்தான் வருது!"

"முன்னால ஒரு பூச்சியம் போட்டுக்க லா!" என்றார் தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர். எல்லாரும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள்.

நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுத் தொலைக்காட்சியைப் பற்றிச் சொன்னேன். பெரிய திரை, புதுசு, இணையம்கூட வரும் என்றேன்.

"நம்பர் குடுக்குமா?"

"குடுக்காதுக்கா."

"அப்ப அது உன் வண்டியிலயே இருக்கட்டும்."

வெளியே வந்து செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் நொடியில் வழி சொன்னார். "தோஷம்னு சொல்லிடுமா. அந்த ஆபீஸ்ல யாரோ செத்துட்டாங்க, ஆவி இருக்குன்னு ஒரு வார்த்த போடு. தூக்கி வாசல்ல வெச்சிருவாங்க."

அது நிச்சயமாகப் பலித்திருக்கும். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அவசரத்தில் ஒரு பொய் கைக்கு வரும்போது, அது இன்று என்ன வேலை செய்யும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். நாளைக்கு என்ன செய்யும் என்று யோசிக்கத்தான் உங்களுக்குப் பதவி கொடுத்திருக்கிறோம். ஆவி பிடித்த கணினி என்று பாலோவில் சொன்னால், அந்தச் செய்தி எனக்கு முன்னால் லாபிஸ் போய்ச் சேரும். பிறகு நம் அருங்காட்சியகத்துக்கு எந்தக் குடும்பம் பிள்ளைகளைக் கூட்டி வரும்? அந்தக் கணினி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதன் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

திரும்பி உள்ளே போனேன். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நான் படித்த பாடத்தில் இதற்கு ஓர் அத்தியாயமும் இல்லை.

"அக்கா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்த மெஷின் நம்பர் குடுக்கல. இதுக்கு உடம்பு சரியில்ல. எங்க வலிக்குதுன்னு சொல்றதுக்குத்தான் அந்த நம்பரக் காட்டுது. நீங்க தட்டத் தட்ட இன்னும் மோசமாயிரும்."

துண்டு போட்ட பெரியவர் மட்டும், "அப்ப எனக்கு ஆறுதல் பரிசு விழுந்திச்சே, அது?" என்று கேட்டார். "அதுவும் அதோட வலிதான் ஐயா," என்று சொல்லி வாயை மூடினேன்.

அந்த நேரத்தில் கணினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ச்சு, ச்சு, ச்சு.

பல்லி!

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் விரலால் தரையையும் சுவரையும் தட்டினார்கள். ஒருவர் பேசி வாய் மூடும்போது பல்லி சொன்னால் பேசியது சத்தியம். அதற்கு மேல் பாலோவில் அப்பீல் கிடையாது. என் பட்டம் செய்யாததைப் பல்லி மூன்று சொல்லில் செய்து முடித்தது.

"பல்லியே சொல்லிருச்சு," என்றார் பெரியவர், குரல் தாழ்ந்து.

நான் காரிலிருந்து திருப்புளியைக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினேன். குண்டுப் பல்லி ஒன்று மின்சுற்று அட்டைகளுக்கு நடுவில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு முட்டை. லோரியில் தளர்ந்துபோன ஓர் இணைப்பின் மேல் அதன் வால். வால் அசைகிற பக்கமெல்லாம் கோளாறு மாறியிருக்கிறது, எண்ணும் மாறியிருக்கிறது. ஆகக் கடைசியில், ஆறுதல் பரிசு கொடுத்தது பல்லியின் வால். இதை நான் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பல்லிக்கு மாலை போட்டிருப்பார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றேனே தவிர, முழுவதையும் ஒரே நாளில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

சரோஜா அக்காவின் முகம் மாறியிருந்தது. கணினியின் தலையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். விபூதியை மட்டும் விட்டுவைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"உடம்பு சரியில்லாத ஒண்ணுகிட்ட போய் நம்பர் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

"நீதானே சரோஜா வரிசையில நிக்கச் சொன்ன?"

"அப்ப எனக்குத் தெரியாது லா! கெளம்புங்க. காத்து வரட்டும்."

குளுவாங்குக்குத் திரும்பி வரும்போது கணினி என் காரில் வந்தது. பின் இருக்கையில் அக்கா, மடியில் திரை. பெட்டிக்கு இருக்கை வார் மாட்டி, மேலே பூப்போட்ட போர்வை. மேட்டில் ஏறும்போதெல்லாம் "மெதுவா போ, மெதுவா," என்று என்னை அதட்டினார். தொலைக்காட்சி பாலோவிலேயே தங்கிவிட்டது. அக்கா அதை வேண்டாம் என்று மறுபடியும் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். பல்லியையும் முட்டைகளையும் அக்கா வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் குடிவைத்தோம்.

வெள்ளியும் சனியும் நான் கணினியைத் துடைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளியின் கார் வந்து நின்றது. செயலாளரின் கை தன்னால் மைக்கைத் தேடியது. நான் அதை முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்தேன்.

முதலாளி சுற்றிப் பார்த்தார். கணினியையும் நெற்றியில் மிச்சமிருந்த விபூதியையும் பார்த்தார். காலியான நாற்காலிகளையும் பார்த்தார்.

"சரி, இது இருக்கு. ஆள் எங்க?"

அப்போது வாசலில் ஒரு லோரி வந்து நின்றது.

பின்னாலிருந்து பாலோ இறங்கியது. சரோஜா அக்கா முன்னால் வந்தார், கையில் ஆரஞ்சுப் பழப் பை. துண்டு போட்ட பெரியவர் கையில் பிஸ்கட் டின். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மாதிரி எல்லாரும் நல்ல உடுப்பு உடுத்திக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். யாரும் கணினிக்கு ரொம்பக் கிட்டே போகவில்லை. பழத்தையும் டின்னையும் அதன் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அக்கா என்னிடம் கிசுகிசுத்தார்.

முதலாளி பெரியவரிடம் போனார். "ஐயா எங்கேர்ந்து வர்றீங்க?"

"பாலோ."

"இதப் பாக்கவா இவ்ளோ தூரம்?"

"உடம்பு சரியில்லன்னாங்க. ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. நான் மறுபடியும் உள்ளதையே சொன்னேன்: ரிப்பன், ரைஸ் குக்கர், விபூதி, நம்பர், எல்லாம். வாலை மட்டும் விட்டுவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. ஒவ்வொரு பழமாகப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சரி, போட்டுக் காட்டும்மா," என்றார்.

சுவிட்சைத் தட்டினேன். கணினி இருமவில்லை. திரை வெளுத்தது. எண் எதுவும் இல்லை. மூலையில் ஒரு சின்னப் பச்சைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று அது கேட்கும் விதம் அது.

பாலோ முழுவதும் ஒரே குரலில் "அடடே," என்றது. அதில் பாதி சந்தோஷம், பாதி பெருநஷ்டம்.

"கொணமாயிருச்சா?" என்று அக்கா கேட்டார்.

"கொணமாயிருச்சுக்கா."

"போகட்டும். நம்பர் போனா போவுது."

முதலாளி பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "என் சொந்தக்காரனுக்கு ஆபரேஷன் பண்ணப்பக்கூட இவ்ளோ பேர் வரலம்மா," என்றார். பிறகு செயலாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதருகே குனிந்தார். "அந்தக் கடைசி நம்பர் என்ன?"

"அது அடிக்கல முதலாளி. நேத்தே எல்லாரும் எழுதிப் பாத்துட்டாங்க."

"அடிக்காத நம்பர்தாம்மா அடிக்கும்."

நான் சொல்லவில்லை. அவர் மாடிக்கு எண்பூட்டு மாட்டிக் கொடுத்தபோது, அதற்கு ஓர் எண் கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால், அதைப் பூட்டுக்கு மட்டும் பயன்படுத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த எண்ணைப் பாலோவில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பது, பூட்டுக்கும் அதே எண்தான் என்று அக்காவிடம் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கணினித்துறைப் பட்டம் வாங்கியவள் வைத்த கடவுச்சொல் அது. என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த வருடக் கடைசியிலும் மழை வந்தது. நான் லாபிஸில் அப்பா வீட்டில் மாட்டிக்கொண்டேன், சாலையை மூடிவிட்டார்கள். நாங்கள் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றியிருந்தோம். ஆனால் சன்னல்களை மூடினோமா என்று யாருக்கும் நினைவில்லை. அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாலை திறந்ததும் இருவரும் கிளம்பினோம். கீழ்க்கடையின் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மாடிப்படியிலும் சேற்றுக் காலடிகள் ஏறிப் போயிருந்தன. யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்று படிகளில் ஓடி ஏறினேன். கதவு வாசலோடு சேறு நின்றுவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள்.

எண்ணைப் போட்டுத் திறந்தேன். சன்னல்கள் மூடியிருந்தன. மூடிய சன்னல்களின் கீழே தரையை யாரோ துடைத்திருந்தார்கள். வரிசையாக எல்லாக் கணினிகளும் காய்ந்து நின்றன. தோட்டத்துக் கணினி பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம். தண்ணீரில் லோரிதான் வர முடியும். யார் லோரி என்று கேட்கவே தேவையில்லை.

அப்பா கை கழுவத் தண்ணீர் தேடினார். குழாயில் வரவில்லை. சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, இந்த முறை முழுக் கையையும் கணினி மேல் வைத்தார்.

ஆக, கேள்வி கேட்டவருக்கு என் பதில்: பூட்டின் எண்ணை மாற்றாதீர்கள். மாற்றினால் அவர்கள் பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். எறும்பு வந்துவிடும்.